இன்னும் ஒரு சுற்று

“சோப்பு அழுக்காயிட்டா அதை எதால கழுவுறது, அப்பா?” என்று மகள் ஒருநாள் சாயங்காலம் கேட்டாள். கையில் கரித்துண்டு மாதிரி ஏதோ வைத்திருந்தாள்.

குழந்தைகள் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு நமக்குப் பதில் தெரியாது. மீதிப் பாதியை நாம் காதில் வாங்குவதில்லை. அவள் அப்பாவான குழாய்க்காரர் அன்று காதில் வாங்கவில்லை. “அம்மாவைக் கேளும்மா” என்று சொல்லிவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். வாசலில் மச்சானுடைய மோட்டார் சைக்கிள் நின்றுகொண்டிருந்தது.

அது அங்கே வந்து நின்றது சின்ன விஷயமில்லை. அவர் மனைவிக்கும் அவளுடைய அண்ணனுக்கும் மூன்று வருஷமாகப் பேச்சு கிடையாது. அவர்களுடைய அப்பா இறந்த வீட்டில் யாரோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்கள். என்ன வார்த்தை என்பது இருவருக்கும் மறந்துபோய்விட்டது. கோபம் மட்டும் பத்திரமாக இருந்தது. நீ முதலில் பேசு, நீ முதலில் பேசு என்று இரண்டு பேரும் காத்திருந்ததில் மூன்று வருஷம் ஓடிவிட்டது.

அன்று மதியம் அண்ணனாகவே வந்திருக்கிறார். ஊருக்கு வெளியே புதுத் தண்ணீர்த் தொட்டி கட்டுகிறார்கள், மாப்பிள்ளை அங்கே தினமும் நடந்தே போகிறார் என்று யாரோ சொன்னார்களாம். அப்பாவின் வண்டி தன்னிடம் சும்மாதான் நிற்கிறது, கொஞ்ச நாள் ஓட்டட்டும் என்றாராம். வீட்டுக்குள் வரவில்லை. தங்கை டீ போட உள்ளே ஓடிய நேரம் முழுவதும் முற்றத்துக் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்திருக்கிறார். டீயை நின்றபடியே குடித்துவிட்டு, அடுத்த மாதம் கடைசி ஞாயிறு மனைவியோடு சாப்பிட வருகிறேன், அப்போது வண்டியை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

“போறப்ப ‘வர்றேன் தங்கச்சி’ன்னு சொன்னாருங்க” என்றாள் மனைவி. அதை அன்றைக்கு அவள் எத்தனை தடவை சொன்னாளோ, ஒவ்வொரு தடவையும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

குழாய்க்காரர் நல்லவர். தெருவில் யார் வீட்டுக் குழாய் ஒழுகினாலும் கூப்பிடாமலேயே போய் நிற்பார். அவருக்கு ஒரே ஒரு பழக்கம். எந்த மரையை முடுக்கினாலும், முடுக்கி முடித்தபிறகு, “இன்னும் ஒரு சுத்து” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு மேலும் ஒரு சுற்றுத் திருப்புவார். இரும்புக் குழாய் அதைத் தாங்கும். அவர் முடுக்கிய குழாயை வேறு யாராலும் கழற்ற முடியாது என்பதால் எல்லாரும் திரும்பத் திரும்ப அவரையே கூப்பிட வேண்டியிருந்தது. வேலை செய்யும் இடத்தில் அவருக்குப் பெயரே ‘ஒரு சுத்து’ என்று ஆகிவிட்டது.

வண்டியை அவர் ஒரு வாரம் ஓட்டினார். ஓட்டினார் என்று சொல்வதும் சரியில்லை. மாமனார் ஓட்டிய வண்டி என்ற மரியாதையில், நோயாளியைக் கைப்பிடித்து அழைத்துப் போவதுபோலக் கூட்டிக்கொண்டு போனார். நடந்து போகிறவர்கள் அவரை முந்திக்கொண்டு போனார்கள்.

இரவல் வாங்கிய பொருளை வாங்கியபோது இருந்ததைவிட நல்ல நிலையில் திருப்பித் தர வேண்டும் என்பது அவர் கொள்கை. குடத்தை வாங்கினால் விளக்கிக் கொடுப்பார். எனவே அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, மச்சானுடைய வண்டிக்கு எஞ்சின் ஆயில் மாற்றுவது என்று முடிவு செய்தார். சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தார்.

எஞ்சினின் அடிவயிற்றில் ஆயிலை வடிக்கும் போல்ட் இருந்தது. அதைச் சுற்றிப் பச்சையாக ஏதோ அப்பியிருந்தது. முப்பது வருஷமாகக் குழாய்களைப் பார்த்தவருக்கு அது என்னவென்று ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. பாசி. “மச்சான் வண்டியைத் துடைக்கிறதே இல்லை போல” என்று வருத்தப்பட்டார். கத்தியால் சுரண்டி, மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்து, அந்த இடத்தைப் பளபளவென்று ஆக்கினார். பழைய ஆயிலை வடித்தார். போல்ட்டைத் திருப்பிப் போட்டு முடுக்கினார். நன்றாக முடுகியது. அங்கேயே விட்டிருக்கலாம்.

“இன்னும் ஒரு சுத்து” என்றார்.

‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது.

சின்னச் சத்தம்தான். காதில் விழாததுபோலப் புது ஆயிலை ஊற்றி மூடினார். மறுநாள் காலை வண்டிக்குக் கீழே தரையில் ஒரு கறுப்புப் பொட்டு. படுத்துப் பார்த்தார். போல்ட்டிலிருந்து நகத்தின் நீளத்துக்கு எஞ்சின் கூட்டில் ஒரு கீறல் ஓடியிருந்தது. அதன் நுனியில் ஒரு சொட்டு எண்ணெய், விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

அந்த நிமிஷமே உள்ளே போய் உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கதை இத்தோடு முடிந்திருக்கும். அவர் சொல்லத்தான் போனார். உள்ளே மனைவி நாற்காலிமேல் ஏறி நின்று ஜன்னல் திரைகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அண்ணன் வருவதற்கு மூன்று வாரம் இருந்தது. “இப்பவே துவைச்சாதான் சரியா இருக்கும்” என்றாள். அப்படிச் சிரித்த முகத்தை அவர் மூன்று வருஷமாகப் பார்த்ததில்லை. சமையலறைக்குப் போய், சத்தமில்லாமல் ஒரு தட்டை எடுத்துவந்து வண்டிக்கு அடியில் வைத்தார்.

ஒழுகலை நிறுத்துவது அவர் தொழில். ஊர் ஒழுகலையெல்லாம் நிறுத்தியவருக்கு இது என்ன பிரமாதம்? போல்ட்டைக் கழற்றி, குழாய் மரைக்குச் சுற்றும் சணல் நூலைச் சுற்றி, வெள்ளைக் களிம்பைத் தடவி, திரும்பவும் முடுக்கினார். கடைசியில் கை தானாகவே இன்னும் ஒரு சுற்றுத் திருப்பியது. கீறல் விரல் நீளம் ஆயிற்று.

அதற்குமேல் அவர் போல்ட்டைத் தொடவில்லை. உடைந்த குழாய்க்குப் போடும் இரும்புப் பட்டை ஒன்று அவரிடம் இருந்தது. ரப்பரை வைத்து அந்தப் பட்டையை எஞ்சினைச் சுற்றிப் போட்டு, இரண்டு பக்கமும் நட்டு வைத்து இறுக்கினார். வண்டி வயிற்றுவலிக்காரன் துண்டைக் கட்டிக்கொண்டதுபோல நின்றது. ஒழுகல் நின்றது. சந்தோஷத்தில் அந்த நட்டுக்கும் இன்னும் ஒரு சுற்றுக் கொடுத்தார். எஞ்சின் கூட்டிலிருந்து ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்து, தட்டில் ‘டிங்’ என்று விழுந்தது. அதன் பின்னாலேயே புது ஆயில் முழுவதும் வந்தது.

சரியாக அந்த நேரத்தில் மச்சான் போன் செய்தார்.

“மாப்பிள்ளை, வண்டி எப்படி ஓடுது?”

“தங்கமா ஓடுது மச்சான்.”

“கீழ... ஆயில் கீயில் ஏதாவது?”

குழாய்க்காரர் தட்டைப் பார்த்தார். அது நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. “ஒரு சொட்டு இல்ல மச்சான்.”

“ஒரு சொட்டுகூட இல்லையா?”

“சத்தியமா இல்ல.” அவசரத்தில் சத்தியம் வேறு செய்துவிட்டார்.

“ஆச்சரியமா இருக்கு” என்றார் மச்சான். வேறு எதையோ சொல்ல வந்தவர்போல இழுத்துவிட்டு, போனை வைத்துவிட்டார்.

சந்தேகப்படுகிறார் என்று குழாய்க்காரருக்குத் தோன்றியது. அன்று தூங்கப் போகுமுன் வழக்கம்போலக் கண்ணை மூடிக் கடவுளிடம் பேசினார். அன்றைக்குச் சொன்ன பொய்க்கு மன்னிப்புக் கேட்டார். நாளைக்குச் சொல்ல வேண்டியிருப்பதற்கும் முன்கூட்டியே கேட்டு வைத்தார். கேட்டபிறகு, இப்படிக் கேட்டதற்கும் ஒரு மன்னிப்புக் கேட்டார்.

மறுநாள் வண்டியைத் தள்ளிக்கொண்டே வெல்டரின் பட்டறைக்குப் போனார். வீட்டில் கேட்டால் வண்டி தொட்டி கட்டும் இடத்தில் நிழலில் நிற்கிறது என்று சொல்லிக்கொண்டார்.

வெல்டர் அதிகம் பேசாதவர். பட்டறை முழுக்க உடைந்த பொருள்கள். கை போன நாற்காலி, கால் போன கட்டில், அடி ஓட்டையான அண்டா. எஞ்சினைப் பிரித்து, கூட்டின் பாதியை மட்டும் வெளியே எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது நீங்க உடைச்சதா?”

“நான்தான்.”

“கீறல் உள்ள கறுத்துப் போயிருக்கே. புது உடைப்பு வெள்ளி மாதிரி மின்னணுமே.”

“நான்தாங்க. என் கையாலதான். டக்குன்னு சத்தம் கேட்டுச்சு.”

“பழசா இருந்து, நீங்க முடுக்கினதுல பெருசாகி இருந்தா?”

“என் மச்சான் வண்டிங்க அது. அவரு உடைஞ்ச பொருளை ஒருத்தருக்குக் குடுக்கிறவர் இல்ல” என்றார் குழாய்க்காரர். குரலில் கொஞ்சம் கோபம்கூட இருந்தது.

வெல்டர் முகமூடியை இறக்கிக்கொண்டார். “சரி சார். குத்தத்தை இப்படிச் சண்டை போட்டு வாங்கிக்கிறவரை நான் பார்த்ததில்ல.”

பற்றவைப்பது சுலபமாக இல்லை. பழைய அலுமினியம், வருஷக்கணக்கில் எண்ணெய் குடித்தது. சூடு பட்டதும் உள்ளே ஊறியிருந்த எண்ணெய் கொப்பளித்து வெளியே வந்தது. வைத்த உலோகம் ஒட்டாமல் உருண்டு விழுந்தது. வெல்டர் அதைச் சுரண்டிச் சுத்தம் செய்து, அடுப்பில் வைத்துச் சூடேற்றி, மறுபடி வைத்தார். நாலாவது தடவை ஓட்டை அடைபட்டது. குழாய்க்காரர் கைகூப்பினார். ஆனால் ஆறியபிறகு பார்த்தால், இரண்டு பாதிகளும் சேர்கிற விளிம்பு வளைந்துபோயிருந்தது. முன்பு ஒரு இடத்தில் ஒழுகியது இனிமேல் சுற்றிலும் ஒழுகும்.

இதற்கு வழி உண்டு என்றார் வெல்டர். நல்ல கனமான, துளிகூட மேடுபள்ளம் இல்லாத கண்ணாடி வேண்டும். அதன்மேல் உப்புத்தாளைப் பரப்பி, விளிம்பைத் தேய்த்துத் தேய்த்துச் சமமாக்க வேண்டும்.

அப்படிப்பட்ட கண்ணாடி குழாய்க்காரருக்குத் தெரிந்து ஒன்றுதான் இருந்தது. அது அவர் மனைவியின் பீரோவில் இருந்தது.

இரண்டு நாள் அவள் தண்ணீர் வாளியில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொண்டாள். மூன்றாம் நாள் கண்ணாடி திரும்பி வந்தது. உப்புத்தாள் நழுவியதில் அதன் குறுக்கே மெல்லிய கோடுகள் விழுந்திருந்தன. அவள் அதன் எதிரே வெகுநேரம் நின்றாள்.

“ஏங்க, ரெண்டு நாள்ல எனக்கு இவ்வளவு வயசாயிடுச்சா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அதுதான் தப்பாகப் போயிற்று. அவள் கட்டிலில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டாள். “தட்டைக் காணோம். கண்ணாடியைத் தூக்கிட்டுப் போய்க் கீறிக் கொண்டுவந்திருக்கீங்க. குழாயடியில வச்சிருந்த பச்சை சோப்பு போன இடம் தெரியல. வண்டியும் வீட்டுக்கு வர்றதில்ல. அண்ணன் வண்டியை என்ன பண்ணீங்க? வித்துட்டீங்களா?”

“இல்லம்மா, இல்ல.”

“சோப்பையுமா ஒருத்தர் எடுத்துட்டுப் போவாங்க?”

சோப்பை அவர் எடுக்கவில்லை. ஆனால் இத்தனை நாள் பொய்க்குப் பிறகு, எதை எடுத்தோம் எதை எடுக்கவில்லை என்று அவருக்கே தெளிவில்லாமல் போயிருந்தது. “அதையும் நான்தான் எடுத்திருப்பேன்” என்றார்.

அவள் அழவில்லை. “மூணு வருஷம் கழிச்சு வர்றாருங்க” என்று மட்டும் சொன்னாள். “இனி ஒருதடவை போனா வரமாட்டாரு. என் அண்ணனை எனக்குத் தெரியும்.”

அந்த வாரம் முழுவதும் குழாய்க்காரர் வேலை முடிந்ததும் பட்டறைக்குப் போனார். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, வெல்டர் தேடிப் பிடித்த வேறொரு கண்ணாடியின்மேல் உப்புத்தாளைப் பரப்பி, விளிம்பை அதில் வைத்து எட்டுப்போல வளைத்து வளைத்துத் தேய்த்தார். வெல்டர் அவரை அழுத்த விடவில்லை. “கையை லேசா வைங்க சார். அதோட எடையே போதும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அழுத்தாமல் ஒரு வேலையைச் செய்வது அவருக்குப் புதிது. முதல் நாள் தோள் வலித்தது. பிறகு எப்படியோ பழகிவிட்டது. சனிக்கிழமை எஞ்சினைத் திரும்பப் பூட்டி ஆயில் ஊற்றினார்கள். வடிக்கும் போல்ட்டை வெல்டர் அவர் கையிலேயே கொடுத்தார். அவர் முடுக்கினார். முடுகியது. அவர் உதடு அசைந்தது. ஆனால் கையை எடுத்துவிட்டார்.

விடியும்வரை காத்திருந்து பார்த்தார்கள். ஒரு சொட்டு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வண்டி வாசலில் நின்றது. அதைப் பார்த்ததும் மனைவிக்கு உயிர் வந்தது. திரைகள் மாட்டியிருந்தன. மச்சானும் அவர் மனைவியும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். மச்சான் தங்கையைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். பிறகு நேராக வண்டிக்குப் பக்கத்தில் போய், போட்டிருந்த புதுச் சட்டையோடு குனிந்து அடியில் எட்டிப் பார்த்தார்.

அங்கே அலுமினியத்தின் மேல் புழு ஊர்ந்த தடம் மாதிரிப் பற்றவைத்த கோடு தெரிந்தது. மறைக்க முடியாது. மறைக்கவும் குழாய்க்காரருக்கு இனிமேல் தெம்பில்லை. முந்தின இரவு பட்டறையில் கடவுளிடம் மன்னிப்புக் கேட்க உட்கார்ந்தவருக்கு வார்த்தையே வரவில்லை. இந்த மன்னிப்பை மேலே கேட்டுப் பயனில்லை, பக்கத்தில் கேட்க வேண்டும் என்று மட்டும் தோன்றியிருந்தது.

“மச்சான், நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்” என்றார். பாசியைச் சுரண்டியதிலிருந்து சில்லு பெயர்ந்தது வரை ஒன்று விடாமல் சொன்னார். போனில் சொன்ன பொய்யையும் சொன்னார். “கூடுதலா ஒரு சுத்து திருப்பிட்டேன். அப்பாவோட எஞ்சினை உடைச்சது நான்தான். எவ்வளவு வேணாலும் திட்டுங்க. தங்கச்சிகிட்ட மட்டும் கோவிச்சுக்காதீங்க. அவளுக்கு ஒண்ணும் தெரியாது.”

மச்சான் நிமிரவே இல்லை. குனிந்தபடியே கேட்டார். “நீங்கதான் உடைச்சீங்கன்னு நல்லாத் தெரியுமா?”

“தெரியும் மச்சான். சத்தம் கேட்டுச்சு.”

“பாசின்னா சொன்னீங்க?”

“ஆமா. பச்சையா இருந்துச்சு.”

மச்சான் எழுந்தார். அவர் காது இரண்டும் சிவந்திருந்தன. என்னமோ சொல்ல வாயைத் திறந்தார். அப்போது பின்னால் நிலைப்படியில் தங்கை நிற்பதைப் பார்த்தார். அவள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். முகம் வெளிறி, அண்ணன் என்ன சொல்லப் போகிறாரோ என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மச்சான் வாயை மூடிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். “விடுங்க மாப்பிள்ளை. உடையுறது எல்லாம் உடையும். இப்படி ஒருத்தரு ஒட்ட வச்சிருக்காரே, அதைச் சொல்லுங்க. இந்த வண்டி உங்ககிட்டயே இருக்கட்டும். நான் எடுத்துட்டுப் போறதா இல்ல.”

“ஐயையோ, மச்சான்...”

“பேசாதீங்க. எனக்குப் பேச முடியல.” அவர் குழாய்க்காரரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது.

தங்கை அழுதுகொண்டே உள்ளே ஓடிப்போய்ச் சோற்றைப் பரிமாற ஆரம்பித்தாள். அன்று அந்த வீட்டில் எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். மூன்று வருஷத்துப் பேச்சு மொத்தமும் அன்று ஒரே நாளில் பேசப்பட்டது. மச்சான் மட்டும் நிமிர்ந்து பார்க்காமல் சாப்பிட்டார். தங்கை போட்டதையெல்லாம் மறுக்காமல் வாங்கிக்கொண்டார். சாப்பிட்டு முடித்ததும் கை கழுவத் தனியாகக் குழாயடிக்குப் போனவர், திரும்பிவர வெகுநேரம் ஆயிற்று.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நடந்து போகும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

“பாத்தீங்களா எங்கண்ணன் மனசை” என்றாள் மனைவி. “வேற யாராவது இருந்தா ஊரைக் கூட்டியிருப்பாங்க. வண்டியையே குடுத்துட்டுப் போறாரு.”

“பெரிய மனசு” என்றார் குழாய்க்காரர். மனப்பூர்வமாகத்தான் சொன்னார்.

முகம் கழுவலாம் என்று முற்றத்துக்குப் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். குழாயடிக் கல்லின்மேல் ஒரு புதுச் சோப்பு இருந்தது. பச்சைச் சோப்பு. உறைகூடப் பிரிக்கவில்லை. வைத்ததை யாரும் பார்க்கவில்லை.

பின்னால் பாத்திரத்தோடு வந்த மனைவி அதைப் பார்த்துச் சிரித்தாள். “எடுத்ததை வாங்கி வச்சுட்டீங்களா? நல்ல புத்தி” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இத்தனை நாளாக எல்லாப் பழியையும் ஒப்புக்கொண்டவருக்கு, இந்தப் பெருமையை மட்டும் எப்படி ஒப்புக்கொள்வது என்று தெரியவில்லை. சோப்பைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். மகள் ஓடிவந்து அதை வாங்கி முகர்ந்தாள்.

“மாமா திருப்பிக் குடுத்துட்டாரா? வண்டி கொண்டுவந்த அன்னிக்கு, அடியில கீறல் விட்டிருக்கு, பூசணும்னு எங்கிட்ட வாங்கினாருப்பா. கறுப்பாக்கிக் குடுத்தாரு. அதான் எதால கழுவுறதுன்னு உன்கிட்ட அன்னிக்கே கேட்டேன்.”